கலாத்தியா வந்த தூக்குவாளி

நான் கண்ணால் கண்டதையும் என்னிடம் சொல்லப்பட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. தனியாக இருப்பவன் ஒரு செடியை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தால், அது தன்னிடம் ஏதோ சொல்வதாக எண்ணத் தொடங்கிவிடுகிறான். என் செடியின் இலைகள் மாலையில் மேலெழுந்து நெருங்கி நிற்கும். ஒளி குறைவதால் நிகழ்வது அது. கும்பிடுகிறது என்று ஒருமுறை எழுதினேன், அடித்துவிட்டேன்.

நாற்றுப்பண்ணையில் அதற்குக் கலாத்தியா என்று பெயர். வெளிர்பச்சை இலையில் நடுநரம்பின் இருபுறமும் கரும்பச்சை நீள்வட்டங்கள், சிறிதும் பெரிதுமாக மாறி மாறி, தூரிகையால் இட்டவை போல இருக்கும். அடிப்புறம் ஊதா. கோவில்பட்டியின் வறண்ட காற்றுக்குச் சற்றும் பொருந்தாத செடி. அதை எனக்குத் தந்தவர் கீழ்வீட்டில் குடியிருந்த அம்மையார். மாடியறையில் அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறேன்; அவரோடு பேசியதைத் தவிர வாய்திறந்து பேசிய பேச்சு எனக்கு அந்நாட்களில் மிகக் குறைவு.

ஒரு காலை, எவர்சில்வர் தூக்குவாளியில் ஈரமான தேங்காய் நார்த்தூளுக்குள் ஒரு கன்றை வைத்து மாடியேறி வந்தார்.

“கரிசல்ல மட்டும் வச்சிராதீங்க அண்ணாச்சி. பருத்தி வெளையுத மண்ணுல இவ வளர மாட்டாளான்னு, எங்க ஊர்ல இருந்து ஒரு சாக்கு அள்ளியாந்தேன். தண்ணி ஊத்துனா களியா நிக்கி. காஞ்சா வெடிச்சு வேர அத்துப்போடுது. இருந்த செடில பாதி போச்சு. பெறகுதான் நாருக்கு மாத்துனேன்.”

குழாய்நீரும் ஆகாது, அதன் உப்பு இலைவிளிம்பைக் கருக்கிவிடும். முன்புற மருந்துக்கடையின் ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரை அவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பிடித்துவைப்பார். அதில் எனக்கும் பங்கு தந்தார்.

கன்றைத் தொட்டியில் வைத்துவிட்டு, கழுவிய வாளியை நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வெறும் வாளிய நீட்டுதீங்களே! எங்க வீட்டுப் பாத்திரம் வெறுமன திரும்பி வரப்பிடாது.”

“சீனி போட்டுத் தரட்டுமா?”

“செடி வந்த வாளிக்குச் செடிதான். கன்னு விட்டதும் அதுல வச்சுத் தாங்க.”

கன்று விடவில்லை. அவ்வப்போது வந்து பார்ப்பார். “நீங்க இதுகிட்டயும் இலக்கணமா பேசுதீங்களோ? பயந்துபோய்த்தான் குருத்து வெளிய வர மாட்டேங்கு” என்பார்.

பிறகு அவர் கணவருக்குத் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்த நாளில் வாளியை எடுத்துவந்து காட்டினேன். “அங்கனயே இருக்கட்டும். கன்னு விட்ட பெறகு வந்து வாங்கிக்கிடுதேன்” என்றார். வண்டி போய்விட்டது. வாளியை அலமாரியில் வைத்தேன். அது அங்கே இருக்கும்வரை ஒருவர் என் கதவைத் தட்டுவதற்குக் காரணம் உண்டு என்று எண்ணிக்கொண்டேன். குடத்தையும் விட்டுச் சென்றிருந்தார். நீர் பிடிக்கும் வேலை என்னுடையதாயிற்று.

கோடை கழிந்து, தாய்ச்செடியின் அருகே சுருண்ட குருத்து ஒன்று தலைகாட்டியது. அது நன்கு இலைவிட்டபின் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“விட்டுட்டாளா!” என்று மகிழ்ந்தார். பிறகு குரல் தணிந்தது. “இங்கன ஒத்த ரூம்பு அண்ணாச்சி. சன்னல் பக்கத்துக் கட்டடத்துச் சுவரப் பாத்து நிக்கி. நான் எங்க வைக்க? இனிமே அங்க வார சோலியும் இல்ல. எங்க வீட்டுக்குக் குடிவந்திருக்கவியளுக்குக் குடுங்க. வாளியோட குடுங்க.”

கன்றைப் பிரிக்க எனக்கு மனம் வரச் சில நாட்கள் ஆயின. ஒரு ஞாயிறன்று வாளியில் வைத்து எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவ்வீட்டில் இளம் தம்பதியர் குடியேறியிருந்தனர். அதுவரை அவர்களோடு நான் பேசியதில்லை. கதவைத் திறந்த பெண் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது பூக்குமா?”

“பூவுக்காக வளர்ப்பதன்று. இலையைப் பாருங்கள். மாலையில் எழுந்து நிற்கும்.”

“நாங்க ரெண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வரவே இருட்டிரும்லா” என்றார். ஆயினும் வாங்கிக்கொண்டார். ஏ.சி. நீரைப் பற்றிச் சொன்னேன், தலையசைத்தார். வாளியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பதையும் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. “அடுப்புல சோறு இருக்கு, தப்பா நினைக்காதீங்க” என்று கதவைச் சாத்தினார்.

குடத்தை இப்போது படியடியில், இருவரும் எடுக்கத் தக்க இடத்தில் வைக்கிறேன். நீர் சில நாட்களில் குறைந்திருக்கிறது. வெயிலில் வற்றியதா, அவர்கள் எடுத்தார்களா என்பதை நான் பார்க்கவில்லை. அந்தக் கன்று உயிரோடிருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. வாளி இன்னும் திரும்பி வரவில்லை.