கட்டிலுக்கு அடியில் பலசரக்கு

புளி எடுக்க வேண்டுமென்றால் கோமு முதலில் புருசனை எழுப்ப வேண்டும். வேறு யார் வீட்டிலாவது இப்படி ஒரு கூத்து உண்டா என்று அவள் விக்கிரமசிங்கபுரத்தில் தெரிந்த பெண்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். எவள் வீட்டிலும் இல்லை.

காரணம் எளிது. அவள் வீட்டுப் பலசரக்கு அத்தனையும் கட்டிலுக்கு அடியில் இருந்தது. புளி, வத்தல், மல்லி, உளுந்து, கருப்பட்டி எல்லாம் குட்டைக் குட்டையான பிஸ்கட் டின்களில். டின்களுக்கு மேலே கட்டில், கட்டிலுக்கு மேலே கொம்பையா. மில்லில் ஃபிட்டர் வேலை. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம்தான் கண் திறப்பார். நடுவில் ஒரு மூடி சத்தம் கேட்டால் போதும், அன்று வீடு இரண்டாகும். அதனால் அவர் சைக்கிள் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அன்றைக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்வாள். கடுகை மறந்துவிட்டால் அன்று குழம்புக்குத் தாளிப்பு கிடையாது. தாளிக்காத குழம்புக்கும் அவரிடம் அவள்தான் ஏச்சு வாங்க வேண்டும்.

அடுப்படியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த அடுப்படியைப் பார்த்ததில்லை. ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு சுவர் சும்மா நின்றது. ஆனால் அங்கே கொம்பையாவின் சைக்கிள் நின்றது. மில்லுக்குப் போகிற சைக்கிள் மழையில் நனையக் கூடாதாம். வத்தல் பூசணம் பூத்தால் பரவாயில்லை.

கல்யாணச் சீராக அவளுக்கு நாலு எவர்சில்வர் சம்படங்கள் வந்தன. இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றைவிட ஒன்று சற்றே சின்னதாக, ஒவ்வொன்றிலும் ‘மு. கோமு’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. ஒரு வருசத்துப் புளியும் வத்தலும் மல்லியும் உளுந்தும் அதில் அடங்கும். அவை கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தலாமா என்று புதுப்பெண்ணாக அவள் கேட்டாள். “செங்கல் வச்சா கட்டில் ஆடும்ட்டி” என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சம்படங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் வீட்டிலேயே தங்கின. மதினி சுடலைவடிவு அதில் முறுக்கு போட்டு வைத்து, ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்கினாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வீட்டுக்குப் போகும்போது தன் பெயர் போட்ட சம்படத்திலிருந்து இன்னொருத்தி முறுக்கு எடுத்து நீட்ட, கோமு வாங்கித் தின்றுவிட்டு வருவாள். அந்த முறுக்கு அவளுக்கு ஒரு நாளும் ருசித்ததில்லை.

கொம்பையா ரிட்டையர் ஆனார். இனியாவது மனுசன் நாலு இடம் போய்வருவார், கட்டில் காலியாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் செல்போனை வாங்கிக்கொண்டு பகல் முழுக்கக் கட்டிலிலேயே குடியேறிவிட்டார். குறுக்கே படுத்துக் காலைத் தொங்கப்போடுவார். டின்னுக்காக அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் கண்ணைத் திறக்காமலே “என்ன வேணும்?” என்று கேட்டு இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். காலைத் தூக்குவது தான் பெண்டாட்டிக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் கோமு சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு போய் முற்றத்தில் நிறுத்தினாள்.

“இனி எந்த மில்லுக்குப் போகப் போறிய? அந்தச் செவத்துல எனக்கு அலமாரி வேணும். ஆசாரிய வரச் சொல்லட்டுமா?”

கொம்பையா எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அவள் பார்க்க விரும்பாத ஒரு களை வந்துவிட்டது.

“ஆசாரியா? மில்லுல எத்தன மிஷின நிமுத்தி வச்ச கையி இது! ஒரு அலமாரிக்கு ஆள் கூப்புடுவாளாம். நானே செய்யுதேன்.”

இது தை மாசத்தில். ‘நானே செய்யுதேன்’ என்ற சொல் கோமுவுக்குப் புதிதல்ல. முன்பு இப்படித்தான் குழாய் ஒழுகுகிறது என்றாள். நானே என்றார். அந்தக் குழாய் இன்றைக்கும் வாளியில்தான் ஒழுகுகிறது.

மாசி முழுக்கப் படம் வரைந்தார். பங்குனியில் அம்பாசமுத்திரத்துக்குப் போய் இரும்பு ஆங்கிள் வாங்கிவந்தார். பிறகு அதைவிடக் கனமான ஆங்கிள் வேண்டுமென்று திருப்பிக் கொடுக்கப் போனார். போல்ட்டுக்குப் பொருந்தும் நட்டு விக்கிரமசிங்கபுரத்தில் இல்லை, அம்பாசமுத்திரத்தில் இல்லை, திருநெல்வேலி டவுனுக்கே போக வேண்டும் என்றார். போனவர் நட்டும் வாங்கி, அல்வாவும் தின்றுவிட்டு வந்தார். அல்வா வாங்கிவரவில்லை. கேட்டதற்கு, கையில் மட்டம் பார்க்கப் புதிதாக வாங்கிய ரசமட்டம் இருந்ததாம்.

சித்திரை வந்தது. வருசத்துச் சாமான் வாங்கும் காலம். புளி வந்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு வைத்தாயிற்று. வத்தலும் மல்லியும் காய்ந்து நின்றன. வைக்க இடம் எங்கே? ஆங்கிளுக்குப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. வைகாசி போய், மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்த மூட்டையைப் பிரித்தால் வத்தல் பாதிக்குமேல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கோமு அதை முறத்தோடு கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாத்தியளா? வெயில்ல நின்னு காயவச்சது.”

“பைய நடக்குத வேல பைய நடக்கட்டும். மட்டம் ஒரு நூல் சரிஞ்சிச்சுன்னா அம்புட்டும் சரிஞ்சிரும்” என்றார் அவர்.

ஒரு தடவை, அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். “நீ கைய ஆட்டுவ” என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

எப்படியோ ஆடி பிறப்பதற்குள் அலமாரி முடிந்தது. குறை சொல்லக் கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தரையிலிருந்து தலைக்குமேல் வரை வரிசை வரிசையாகப் பலகைகள், சாம்பல் பெயின்ட். போல்ட் முனைகளையெல்லாம் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார். “இனி பூகம்பமே வந்தாலும் கழறாது” என்று தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கோமுவுக்கும் மனசு இளகிவிட்டது. மனுசனை ரொம்பத்தான் கரித்துக்கொட்டிவிட்டோம் என்றுகூட நினைத்தாள். மறுநாளே ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறினாள்.

சுடலைவடிவு லேசில் விடவில்லை. “திடீர்னு வந்து கேட்டா உள்ள இருக்க முறுக்க எங்க தட்டுறது, கோமு?” என்றாள்.

“எங்கயாவது தட்டுங்க மதினி. எம் பேரு போட்டது எனக்கு வேணும்.”

ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிச் சாக்கில் கட்டி, இரண்டு பஸ் மாறி, கண்டக்டரிடம் லக்கேஜுக்குச் சண்டை போட்டு, உச்சிவெயிலில் வீடு வந்து சேர்ந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. முகம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் பெரிய சம்படத்தைத் துடைத்து அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தாள். கீழ்த்தட்டில் பார்த்தாள், மேல்தட்டில் பார்த்தாள். எல்லாத் தட்டும் ஒரே உயரம். நாலிலும் சின்னதை எடுத்துவந்தாள். அதுவும் கழுத்துவரை வந்து இடித்தது.

“இது என்ன கணக்குல வச்சிய?” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

“கட்டிலுக்கு அடியில இருக்க டின்னு கணக்குலதான். ஒண்ணொண்ணா எடுத்து அளந்துல்லா வச்சேன். ஒரு நூல் கூடக் கொறச்ச இருக்காது” என்றார் கொம்பையா. இன்னும் பெருமை குறையவில்லை.

கோமு சம்படத்தைக் கீழே வைத்தாள்.

“கட்டிலு குட்டையா இருந்துச்சுன்னுதான் அந்த டின்ன வச்சிருந்தேன். ஆசப்பட்டா வச்சிருந்தேன்? கட்டிலுக்கு அடியில கெடந்ததத் தூக்கி அப்புடியே செவத்துல ஒட்டி வச்சிருக்கியளே! எத்தன வருசமாச் சொல்லுதேன் சீர்ச் சம்படம், சீர்ச் சம்படம்னு. காதுல விழலயா? தை மாசத்துலேருந்து டின்ன அளந்திய, நட்ட அளந்திய, செவத்த அளந்திய. என்ன வைக்கப் போறன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

கொம்பையா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டிருக்கவில்லைதான்.

அவள் கூடத்துக்குப் போனாள். கட்டில்மேல் கிடந்த செல்போனையும் தலையணையையும் எடுத்து ஜன்னலில் வைத்தாள். டின்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், சைக்கிள் பக்கத்தில் போட்டாள். கட்டில் இருந்த இடத்தில் நாலு சம்படங்களையும் வரிசையாக நிறுத்தினாள். கூடம் நிறைந்துவிட்டது.

“ஏட்டி, நான் எங்கன படுக்க?”

“அலமாரியிலதான் அம்புட்டு எடம் இருக்கே. அளந்து பாத்துப் படுங்க.”

அன்று ராத்திரி கொம்பையா முற்றத்தில் படுத்தார். சாரல் அடித்தது, கொசு பிடுங்கியது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று, “என்ன ஃபிட்டரே, வெளிய போட்டுட்டாளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோமு உள்ளே பாயை விரித்துச் சம்படங்களுக்குப் பக்கத்தில் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் அவர் தும்மிக்கொண்டே உள்ளே வந்தார். கையில் அளவு நாடா. நேராகச் சம்படங்களிடம் போனார். பிறகு நாடாவின் நுனியை அவள் பக்கம் நீட்டினார்.

“பிடி. எம்புட்டு ஒசரம் வேணும்னு நீயே சொல்லு.”

“மூடியத் தொறக்கக் கை போகணும். அதையும் சேத்து அளங்க” என்றாள் கோமு. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நசுக்கிய போல்ட் ஒவ்வொன்றையும் அவரே ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. அறுக்க அறுக்கத் தன்னையே வைதுகொண்டார். அவள் பலகை விழாமல் பிடித்துக்கொண்டாள். ஆறு மாசம் இழுத்த மனுசன், மழைக்குப் பயந்து அந்த வாரத்துக்குள் பலகைகளை மாற்றி ஏற்றிவிட்டார். சம்படங்கள் ஏறின. புளி ஏறியது, மல்லி ஏறியது, புதிதாக வாங்கிய வத்தலும் ஏறியது. பெயர் வெட்டியிருந்த பக்கத்தை கோமு முன்னால் திருப்பி வைத்தாள். கட்டில் உள்ளே வந்தது.

மறுநாள் மத்தியானம் குழம்புக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. புளி ஊறப்போடவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். கொம்பையா கண்ணைத் திறக்காமல் இரண்டு காலையும் தூக்கினார்.

“என்ன வேணும்?”

உள்ளே வெறும் தரை. காலையில் அவளே கூட்டித் துடைத்த தரை. சண்டை போட்டு வாங்கிய அலமாரி நாலு எட்டில் நிற்க, உடம்பு அதன்பாட்டுக்கு இங்கே வந்து குனிந்திருக்கிறது. இத்தனை நாள் அவர்மேல் வந்த எரிச்சலெல்லாம் சேர்ந்தாலும், அந்த நிமிசம் தன்மேல் வந்த எரிச்சலுக்கு ஈடாகாது என்று அவளுக்குத் தோன்றியது.

“ஒண்ணும் வேண்டாம். காலக் கீழ போடுங்க” என்றாள்.

கட்டில் சட்டத்தைப் பிடித்து அவள் எழுந்து நிற்பதற்குள் வெங்காயம் கருகிவிட்டது.