மேட்டுப்புஞ்சையில் தரைதட்டிய கப்பல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் சங்கரன்கோவில் போனது சாமி கும்பிட அல்ல. கப்பலில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் கோமதிநாயகம் கூப்பிட்டிருந்தான். அவன் போன கப்பலை முதலாளி வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் அப்படியே கைவிட்டுவிட, ஏழு மாதம் அதிலேயே கிடந்துவிட்டு வந்திருக்கிறான். இப்போது வேறு கப்பலுக்கு அழைப்பு. மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நெல்லையில் காலை 7.10-க்குப் பேருந்து. ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றே முக்கால் மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வெயில் அடிக்காது, மலையும் தெரியும்.

அவன் பைக்கில் எங்கள் பழைய பள்ளிக்குப் போனோம். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் ‘ஹை அண்ட் டிரை’ என்ற ஆங்கிலத் தொடரை நடத்தியது இங்கேதான். ஜன்னல் வழியே ஒரு மேட்டுப்புஞ்சையைக் காட்டி, “குளத்துத் தண்ணி அங்கன ஏறாது. ‘ஹை’ன்னா மேடு, ‘டிரை’ன்னா காய்ச்சல். அதான் அர்த்தம்” என்றார். அது கோமதிநாயகத்தின் அப்பாவுடைய புஞ்சை. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வில் அந்தத் தொடருக்கு அர்த்தம் கேட்டபோது அதே விளக்கத்தைச் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். கடலே பார்க்காத பிள்ளைகளைக் கப்பல்காரன் சொல்லை மனப்பாடம் செய்யவைத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

“கடல் ஏறும்போது கப்பல் கரைக்கிட்ட வந்துரும்லே,” என்று அந்தத் தொடரை விளக்கினான் கோமதிநாயகம். “தண்ணி வத்தினா அடிதட்டி அங்கனயே நிக்கும். அந்தக் காலத்துப் பாய்மரக்காரன் சொன்னது. அப்புறம் நடுவழியில கைவிடப்பட்டவனுக்கெல்லாம் ஊரே அதைச் சொல்ல ஆரம்பிச்சிட்டு.”

“அப்ப சார் சொன்னது தப்பா?”

“அர்த்தம் சரிதான். ஆனா கப்பலுக்கு அடுத்த கடலேத்தம் வரும், மிதந்துரும். எங்க புஞ்சைக்காட்டுக்குத் தண்ணி எப்பலே வந்துச்சு?”

“ஏழு மாசம் பட்டது போதாதா? போகாதலே.”

அவன் புஞ்சையையே பார்த்தான். உழுது போட்டு மழைக்குக் காத்திருந்தது. போனை எடுத்துக் கப்பல் ஏஜென்டிடம், “வாரேன் சார்” என்றான். அவ்வளவுதான்.

ஊருக்குப் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். கப்பலுக்குப் போகிறவர்கள் முதலாளி யார், காப்பீடு உண்டா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த முறை அவன் விசாரித்திருக்கிறான்.

பேருந்து கிளம்பும்போது ஜன்னலைத் தட்டினான்.

“நான் கடல்ல இருக்கும்போது இங்கன மழை பெஞ்சா எனக்கு ஒரு போன் போடுலே.”