அப்பாவிலிருந்து தொடங்கச் சொன்ன பாடம்

குடும்ப வரலாறு தேடுவது எப்படி என்று இணையத்தில் இலவச வகுப்பு. முதல் பாடமே, "பெற்றோரிடமிருந்து தொடங்குங்கள்."

அப்பாவைத்தான் தினமும் பார்க்கிறேனே என்று நேராகத் தாத்தாவுக்குத் தாவினேன். கிரேன் சாய்ந்து இறந்தார் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார்.

இன்று காசிமேட்டு மீன் கடையில் சித்தப்பா வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா மேல கிரேன் சாஞ்சது எந்த வருசம் சித்தப்பா?"

கத்தி என் விரலை ஒட்டிப் பலகையில் இறங்கியது. மறு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"இன்னாடா கிரேனு? குத்திக் கொன்னான்டா! தடுக்கப் போன எனக்கும் வெட்டு கீது பாரு."

அவர் வயிற்றில் ஒரு சாண் தழும்பு.

"யாரு?"

"எங்கண்ணன்தான். உன்ன பெத்தவன்."

வாங்கி வந்த வஞ்சிரத்தை அப்பா இப்போது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். குழம்பில் உப்பு போதவில்லையாம்.

முதல் பாடத்துக்கே திரும்பியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, சொல்லுங்களேன்.