பச்சை வெளிச்சத்தில் இரண்டு செருப்பு

இதைச் சொன்னால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு அங்கே நின்றது நான். பார்த்தது என் கண்.

ஈஜிபுராவில் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே எங்கள் இஸ்திரி வண்டி. என் வீட்டுக்காரர் சந்திரன், கான்ட்ராக்ட் லைன்மேன். போன ஆகஸ்டில் மழை விட்ட ஒரு சாயங்காலம், ஆறே முக்கால் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் படபடவென்று பொறி பறந்து கரண்ட் போய்விட்டது. தெருவே கத்தியதில் அவர்தான் ஓடி வந்தார்.

கம்பத்தடியில் இருந்த பெட்டியில் சுவிட்சை இறக்கினார். வலது கால் செருப்பைக் கழற்றிப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார். அது லைன்மேன்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. செருப்பு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஏறியவன்தான் இறங்கி வந்து அதை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

அவர் ஏறினார். நான் கீழே டார்ச் பிடித்தேன்.

ங்ங்ஙொய்ங்...

"யோவ், இன்னாய்யா சத்தம்? இறங்கு!"

"லைன் ஆஃப்லதாம்மே இருக்குது. சும்மா கத்தாதே."

ஆஃபில்தான் இருந்தது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் விளிம்பில் பச்சையாக ஒரு வெளிச்சம் ஊர்ந்தது. டார்ச்சைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன். கைப்பிடியில் இரண்டு செருப்பு. இரண்டும் வலது கால். ஒன்று ஓரமெல்லாம் கருகியிருந்தது...

மேலே பார்த்தேன்.

அவர் தலைக்கு மேல் இன்னொருவன் குந்தியிருந்தான்.

"யோவ்! மேலே பாருய்யா!"

அவன் காலை ஓங்கினான். அவர் நெஞ்சிலேயே உதைத்தான்.

என் புருஷன் தலைகீழாக வந்து வண்டியில் துணி மூட்டைமேல் விழுந்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய் மடியில் இழுத்துப் போட்டேன்.

டமார்!

நீலமும் பச்சையுமாக வெளிச்சம். வானம் வரைக்கும். எண்ணெய் எரிந்தபடி கொட்டியது. என் கை வெந்தது.

மேலே அவன் இல்லை.

கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி... சந்திரன்.

என் மடியிலும் சந்திரன்.

"மங்களம்!"

குரல் மேலிருந்து வந்தது.

வெளிச்சம் அணைந்தது.

ஆஸ்பத்திரியில் சில நாள் கழித்து அவர் கண் விழித்தார். உயிரோடு கிடைத்தாரே, அதுவே போதும் என்று அழுதேன். அவரோடு வேலை செய்யும் ஹரிஷ் பார்க்க வந்தான். கட்டிலுக்கடியில் இருந்த கருகின செருப்பைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"இது எங்கக்கா கெடைச்சுது?"

"ஆட்டோல ஏத்தசொல்ல இவரு கால்ல இருந்துச்சு. இவருது இல்லப்பா."

"கோவிந்தப்பாவோடதுக்கா. எங்ககூட லைன்மேனா இருந்தாரு. மூணு வருஷம் முன்னாடி அதே கம்பத்துல... அவரு மேல இருக்கசொல்லவே எவனோ செருப்பை எடுத்துட்டு லைன் போட்டுட்டான். இந்தச் செருப்பை நாங்கதான் கால்ல மாட்டிப் புதைச்சோம்."

அப்போது கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

"லட்சுமம்மா... நீரு கொடு."

தண்ணீர் கேட்டார், கன்னடத்தில். என்னிடம் ஒரு நாளும் கன்னடம் பேசாத மனுஷன்.

லட்சுமம்மா யார் என்று ஹரிஷைக் கேட்டேன்.

கோவிந்தப்பாவின் பெண்சாதியாம்.

இப்போது புது டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. வீட்டில் இருப்பவருக்குச் சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன், கிட்டே படுப்பதில்லை. பெட்டிக் கைப்பிடியில் என் சந்திரனின் செருப்பு அப்படியே தொங்குகிறது. எடுக்க வேண்டியவர் இன்னும் இறங்கி வரவில்லை.