முகம் பார்த்து ஆடும் சீட்டு

என் கணவருக்குப் போக்கர் ஆட்டம் பிடிக்கும். கிள்ளான் துறைமுகத்தில் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. அங்கே சீன நண்பர்களோடு பழகியதில் கற்றுக்கொண்டு வந்து, கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் எனக்குச் சீட்டாட்டமெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டாள். மத்தியானம் முழுக்க எதிரே உட்கார்ந்து அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் கற்றுக்கொண்டேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் என்னால் பொய் ஆட முடியவில்லை. கையில் நல்ல சீட்டு இல்லாதபோது இருப்பதுபோலப் பந்தயம் கட்டினால் என் கழுத்து சிவந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே, "போதும் லா, வை கீழே" என்பார். சில மாதங்களில் அந்த முயற்சியையே விட்டுவிட்டேன். சீட்டு வந்தால் கட்டுவேன், வராவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகிவிடுவேன். அப்புறம் எங்கள் ஆட்டமும் நின்றுபோனது.

அது மறுபடி தொடங்கியது மேல்மாடியில் அந்தத் தம்பதி குடிவந்த பிறகு. அவளுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர் வேலை. தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவாள். புருஷன் கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரு நாள் மின்தூக்கியில் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கும் போக்கர் தெரியும் என்பது தெரியவந்தது. அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரும் எங்கள் மேசையில் உட்கார்ந்தோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். தோற்கிறவர் அடுத்த வாரம் பலகாரம் கொண்டுவர வேண்டும்.

லோரிக்காரருக்கு ஆட்டத்தில் பெரிய அக்கறை இல்லை. வந்த சீட்டைப் பார்ப்பார், கவிழ்ப்பார், முறுக்கை எடுப்பார். அதனால் ஆட்டம் பெரும்பாலும் என் கணவருக்கும் அவளுக்கும் இடையில்தான் நடந்தது.

அவள் பொய் ஆடும் அழகை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வில்லைகளை முன்னால் தள்ளிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருப்பாள். என் கணவர் அவள் முகத்தைப் பார்ப்பார். கண்ணை, உதட்டை, விரல்களை, மறுபடி கண்ணை. சுவரிலிருந்த மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் போய், மீண்டும் வரும். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, சீக்கிரம் லா. எனக்கு முகத்துல என்னா எழுதியா இருக்கு?"

"எழுதியிருந்தா நல்லா இருக்குமே."

அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவளிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நடப்பது சீட்டாட்டம், எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் அதை ஆட முடியாது. இதையெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் திங்கட்கிழமை தலைக்குப் புதிதாகச் சாயம் போட்டேன். அவருக்குத் தெரியவில்லை. புதன்கிழமை நானே சொன்னேன். "அப்படியா, நல்லா இருக்கே" என்று கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நான் முடிவோடு உட்கார்ந்தேன். அவரிடம் பொய் ஆடப்போகிறேன். என் கழுத்து சிவக்கட்டும், அவர் கண்டுபிடிக்கட்டும். அதற்காவது என்னைப் பார்க்க வேண்டுமல்லவா? கழுத்தை மறைக்கத் துப்பட்டாவைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு வந்தது ஒரு இரண்டும் ஒரு ஏழும். அதைவிட மோசமான சீட்டு இல்லை. லோரிக்காரர் கவிழ்த்தார். அவளும் கொஞ்ச நேரத்தில் கவிழ்த்தாள். நானும் அவரும் மட்டும் மிஞ்சினோம். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்திருந்த ஐந்து சீட்டில் மூன்று ஹார்ட். கையில் இன்னும் இரண்டு ஹார்ட் வைத்திருப்பவர் ஐந்தையும் சேர்த்து ஜெயித்துவிடலாம். என்னிடம் ஒன்றுகூட இல்லை. என் வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினேன்.

கழுத்து சுடுவது எனக்கே தெரிந்தது. நிமிர்ந்து அவருக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் வில்லைகளைப் பார்த்தார். கையிலிருந்த இரண்டு சீட்டையும் கவிழ்த்து வைத்தார். "இவளுக்கு ஹார்ட் வந்திருச்சு. நான் இல்ல" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை இழுத்தார்.

அவ்வளவுதான். குவிந்திருந்த வில்லைகள் அத்தனையும் எனக்கு. லோரிக்காரர் கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது. குளிர்ப்பெட்டியில் ஐஸ் எடுக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, சும்மாதானே கட்டுனீங்க?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்தெல்லாம் செவந்து போச்சே. அண்ணே பாக்கவே இல்லயா?"

அவள் பார்த்திருந்தாள். எனக்கு அது இன்னும் கசந்தது. பேச்சை மாற்ற, "நீ மட்டும் எப்படி இப்படி மூஞ்சிய வச்சிக்கிற?" என்று கேட்டேன்.

"நாள் பூரா நாற்காலியில உக்காந்திருக்கிறவங்க கிட்ட வலிக்காது, வலிக்காதுன்னு சொல்றவ நான். சிரிச்சிக்கிட்டே சொல்லணும். பழகிப்போச்சு அக்கா."

அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் மேலே போனதும் நான் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, என் முகத்த ஏன் பாக்கவே இல்ல?"

"எப்ப?"

"ஹார்ட் வந்தப்ப."

"நீ கட்டுனா கையில இருக்கும். உன்ன எதுக்குப் பாக்கணும்?"

"ரெண்டும் ஏழும்தான் இருந்துச்சு."

வில்லைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். முதலில் சிரித்தார். பிறகு, "என் கையில ரெண்டு ஏஸ் இருந்துச்சும்மா" என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அன்றைக்கு முதல்முறையாக என்னைப் பார்த்தார், கடையில் கொடுத்த சாமான் சரிதானா என்று பார்ப்பதுபோல.

அடுத்த வாரத்திலிருந்து அவர் என் முகத்தையும் பார்க்க ஆரம்பித்தார். நான் கட்டும்போதெல்லாம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு என்னைத் துருவினார். மேசையிலிருந்ததோடு சேர்த்து மூன்று ராணி வைத்துக்கொண்டு நான் கட்டினேன். பொய் என்று நினைத்துத் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் வைத்துத் தோற்றார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளைப் பார்க்கும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். என்னைப் பார்க்கும்போது அது இல்லை.

பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள். அவளுக்குக் கிளினிக் பக்கமாக இருக்கட்டும் என்று சாலாக் செலாத்தானில் வாடகை வீடு பார்த்திருந்தார்கள். சாமான் ஏற்றிய அன்று நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடிக்கடி வாங்க" என்றேன். என் கழுத்து அப்போது சிவந்ததா தெரியாது. அவள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "வரேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிறு சாப்பிட்டதும் நானே சீட்டுப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். "நாம ரெண்டு பேரு ஆடலாமா?"

அவர் மறுக்கவில்லை. எனக்கு இரண்டு ராஜா வந்திருந்தது. மேசையில் விரித்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சம் கட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பந்தயத்தை எவ்வளவு ஏற்றலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, அவர் பார்க்க என் முகம் ஒன்றுதான் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பொண்ணா இருந்தா இந்நேரம் ஏத்தியிருக்கும்."

நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். "நான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்ப்பது முறையில்லை. அவர் பார்த்தார்.

"ஏய், ரெண்டு கிங் வச்சிக்கிட்டு ஏன்மா விட்ட?"

தண்ணீர் கொதிக்கும்வரை அவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.