கமராவின் மேல் ஒரு பச்சைத் துணி

"வகுப்பு நடைபெறும்போது நிறுவனத் தலைவரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கமராவை நிறுத்தவோ மறைக்கவோ கூடாது." எங்கள் பதுளை ஆஸ்பத்திரி கடல்கடந்த ஓர் ஆஸ்பத்திரியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு இது. தமிழாக்கம் என்னுடையது, ஆகவே அதில் ஓட்டை கிடையாது. அதை மீறியது சத்திரசிகிச்சைக் கூடத்துப் பச்சைத் துணி ஒன்று. கமராவின் மேல் அதைப் போட்டவர் எங்கள் டொக்டர் அம்மா.

அவர் பொது மருத்துவ நிபுணர். மாதம் ஒருமுறை வார்ட்டின் ஓரத்து அறையில் நோயாளியை வைத்துக்கொண்டு, திரைக்கு அப்பாலிருந்த வெளிநாட்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார். அவர்களுடைய பேராசிரியர் நமக்கு இதய நோய் கற்றுத் தருவார். நாம் அவர்களுக்கு நம்மூர்க் காய்ச்சல்களைக் காட்டுவோம். நிர்வாக உத்தியோகத்தர், அதாவது ஏ.ஓ., உடனிருக்கவேண்டும் என்று ஏழாம் பிரிவு சொன்னதால் நானும் ஒரு மூலையில் இருப்பேன்.

அன்றைய நோயாளி கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண். காய்ச்சல் விடவேயில்லை, மூச்சும் வாங்கத் தொடங்கியிருந்தது. உண்ணிக் காய்ச்சலோ என்று டொக்டர் அம்மா சந்தேகித்தார். உண்ணி கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். இளம் டொக்டர்மார் கைகால்களில் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அந்தப் பொட்டிக்குள்ள எத்தன ஆம்பளைங்க இருக்காங்க, டொக்டரம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒரு வகுப்பே இருக்கு."

"அப்ப சட்டையக் கழட்ட மாட்டேன்."

சம்மதக் கையெழுத்து வாங்கியிருப்பதை நான் நினைவூட்டினேன். அது என் கடமை.

"கையெழுத்து போட்டது காய்ச்சலுக்குங்க சேர், சட்டைக்கு இல்ல. காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல நிக்கிறப்பகூட கங்காணி பேரு மட்டுந்தான் கூப்பிடுவாரு."

டொக்டர் அம்மா சிரித்துவிட்டுத் துணியை எடுத்துக் கமராவின் மேல் போட்டார். படம் போய்விட்டது என்றார் பேராசிரியர். போகவில்லை, நான்தான் மூடினேன் என்று இவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் ஆறாம் பிரிவு என்று தொடங்கினேன்.

"ஏ.ஓ., நீங்களும் வெளிய போங்க. ஏழாம் பிரிவையும் சேத்தே மீறிடுவோம்."

கதவுக்கு வெளியே நிற்கும்போது அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "ஐயோ, இதுவா? வலிக்கவே இல்லீங்களே, அதான் சொல்லல."

பொருக்கு மார்புக்குக் கீழே, மடிப்புக்குள் இருந்திருக்கிறது. என்னை மறுபடி அழைத்தபோது துணி விலகியிருந்தது. டொக்டர் அம்மா வெள்ளைப் பலகையில் ஓர் உருவம் வரைந்து, கறுப்புப் புள்ளி வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். மாணவர்களின் கேள்விகள் வழக்கத்தைவிட நீண்டன. அன்று மாலையே சரியான மாத்திரை ஆரம்பமானது. சில நாட்களில் அந்தப் பெண் பஸ் ஏறி வீடு போனார்.

பேராசிரியர் குறை சொல்லவில்லை. அவருடைய அலுவலகம் சொன்னது. நோயாளி வகுப்பின் நடுவில் மறுத்தால் கமராவை மூடலாமா என்று கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரும்வரை டொக்டர் அம்மா வகுப்பு நடத்தக்கூடாது என்பது நடைமுறை. என்னை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம், "ஏ.ஓ., நம்ம துணிக்கு அனுமதி வந்துச்சா?" என்பார். நினைவூட்டல் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் ஓய்வுபெற்றார், பின்னர் நானும்.

இப்போது அந்தக் கமராவுக்கு மூடியே பொருத்தியிருக்கிறார்களாம். என் நாற்காலியில் இன்று இருப்பவர் தொலைபேசியில் அழைத்து, கொழும்பிலிருந்து வந்த ஒற்றை வரியை வாசித்துக் காட்டினார்: குறித்த வகுப்பின்போது கமராவை மறைப்பதற்கு இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது. அன்று தைப்பொங்கலுக்கு மறுநாள். டொக்டர் அம்மா ஓய்வுபெற்ற பிறகு வந்த மூன்றாவது பொங்கல்.