லிங்க் வந்த நேரம்

எனக்கு முன்பே தெரியும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி எஸ்தர் போன் செய்தபோது, அவள் வாய் திறப்பதற்குள் மச்சான் போய்விட்டாரா என்று நானே கேட்டுவிட்டேன். காலையில் வேனை எடுக்கும்போதே இடது கண் துடித்தது. அவர் இருதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னது அத்தனையும் நான் எப்போதோ சொன்னவைதான். இந்த ஊருக்கு இன்டர்நெட் வரும் என்று முதலில் சொன்னவனும் நானே.

எஸ்தரின் அண்ணன் சாமுவேல் அவர்களை மாமல்லபுரத்தில் அறியாதவர் கிடையாது. இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகன். டைப்ரைட்டிங் முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் சிற்பப் பட்டறைகளுக்கு நடுவே பிரவுசிங் சென்டர் திறந்தார். ஊரில் அப்போது அது ஒன்றுதான். திறப்பு விழாக் கூட்டம் கலங்கரை விளக்கம் வரை நின்றது.

மச்சான் பயந்த சுபாவம் உள்ளவர். மேகம் கறுத்தால் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவார். ஒரு பக்கம் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் கல் தூசி. எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய போர்வையைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பக்கத்துப் பட்டறை ஏகாம்பரம் ஸ்தபதி வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்கு அம்மன் சிலை செய்துகொண்டிருந்தார். வலது கை மட்டும் பாக்கி. சிலையின் படத்தைப் பார்த்த கோயில்காரர்கள், மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மெயில் வரும், வராவிட்டால் வரைபடத்தில் உள்ளபடி செதுக்கலாம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். கை செதுக்க வெள்ளிக்கிழமை மதியம் வரைதான் நல்ல நேரம். கல்லில் ஒரு விரல் தவறினாலும் சிலை வீண். ஏகாம்பரம் வீட்டு நகையெல்லாம் அந்தக் கல்லில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இன்டர்நெட் லிங்க் போயிற்று.

மச்சான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். உப்பு அரித்த நெட்வொர்க் கார்டை முந்தின நாள்தான் மாற்றியிருந்தார். லிங்க் இல்லை என்று சொன்னதும் ஏகாம்பரம், "லிங்கம்தான வேணும், நம்ம பட்டறையில நாலு கீது, தூக்கினு போ" என்றார். சிரித்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் பாதியில் நின்றது.

"டிரைவர் இல்லன்னு காட்டுது மாப்ள."

"இன்னா மச்சான், நான் இங்கதான குந்திகினு கீறேன்."

வேன் ஓட்டுகிறவனிடம் அப்படிச் சொன்னால் வேறென்ன சொல்வது. கார்டை வேலை செய்ய வைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம். மச்சான் கேபிளை மாற்றினார். கார்டைக் கழற்றித் துடைத்து அடுத்த இடத்தில் சொருகினார். பின்னால் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் அதே வரி. சிடியைப் போட்டு டிரைவரை ஏற்றினார். மறுபடியும் அதே வரி. கோயில்காரர்களுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே நடு ராத்திரி. பட்டறையில் உளி தீட்டும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் நான் கேட்டேன், பழைய கார்டின் டிரைவர் இறங்கினானா என்று. ஒரு சீட்டில் இரண்டு டிரைவர் உட்கார்ந்தால் எந்த வண்டி போகும்? மச்சான் உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பழையதைத் தேடி அழித்தார், புதியதை ஏற்றினார். லிங்க் வந்தது. சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினியர்கள் இன்றும் என் வேனில் ஏறினால் இதைத்தான் கேட்கிறார்கள். மெயிலில் மாற்றம் இருந்தது: கை அபயம் காட்டக் கூடாது, கீழ்நோக்கி வரம் தர வேண்டும். மச்சான் ஓடிப்போய்ச் சொன்னார். ஓங்கிய சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

நேற்று அடக்கத்துக்கு முன் ஏகாம்பரம் வந்தார். பெட்டிக்குள் கட்டியிருந்த மச்சானின் கைமேல் தன் கையை வைத்து, எடுக்காமல் நின்றார். பாதர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஏன் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள்.

ஊர் முழுக்க நான் சொல்லிவந்த கதையில் ஒன்று மட்டும் புளுகு. மதியத்துக்குள் லிங்க் வரவில்லை.

மச்சான் வெறுங்கையோடுதான் பட்டறைக்குப் போனார். அம்மன் கை வர வேண்டிய கல்லின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"லிங்க் இல்லன்னா மெயில் இல்லன்னு அர்த்தமா, ஏகாம்பரம்? வெட்றதுன்னா என் கையோட சேத்து வெட்டு."

ஏகாம்பரம் திட்டித் தீர்த்தார், கெஞ்சினார், நல்ல நேரம் போகிறதே என்று அழுதார். நேரம் போகும்வரை மச்சான் கையை எடுக்கவில்லை. நான் டிரைவரைக் கண்டுபிடித்து லிங்க் வந்தது பொழுது சாய்ந்துதான். சென்டர் பெயர் கெட்டுவிடும், மதியமே வந்ததாகச் சொல் என்று மச்சானே என்னிடம் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் சொன்னேன்.

மச்சான், மெயில் வந்துவிட்டது. இனி கையை எடுத்துக்கொள்ளுங்கள்.